கீனாய் ஆற்றில் வழிகாட்டியோடு மீன்பிடித்த இரண்டு நாட்கள்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 மைல் காரில் சென்றால், கீனாய் ஏரி ஆறாக மாறும் வாயில் கூப்பர் லேண்டிங் என்ற சிற்றூர் இருக்கிறது. சென்ற ஆகஸ்ட் மாத நடுவில் நானும் என் தாய்மாமாவும் அங்கே மூன்று இரவுகள் தங்கி, இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள் நடத்தும் மீன்பிடிப் பயணங்களில் கலந்துகொண்டோம். முதல் நாள் ஆற்றின் மேற்பகுதியில் துடுப்புப் படகில், டிரவுட் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் முழுநாள் பயணம். மறுநாள் கரையில் நின்று சிவப்புச் சால்மன் பிடிக்கும் அரைநாள் பயணம். முதலாவது கொடுத்த பணத்துக்கு மேலாகவே நிறைவைத் தந்தது. இரண்டாவது பை நிறைய மீனைத் தந்தது, ஆனால் சில உறுத்தல்களையும் தந்தது. அலாஸ்காவுக்குச் செல்லத் திட்டமிடும் தமிழர்கள் இப்பயணங்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் விலையையும் மீன் எண்ணிக்கையையும் மட்டுமே கேட்கிறார்கள் என்பதால், அவற்றைவிட முக்கியமாக நான் கருதுகிறவற்றை விரிவாக எழுதுகிறேன்.

இந்த ஆற்றில் வழிகாட்டி எதற்கு என்ற கேள்விக்கு விடை தண்ணீரின் நிறத்திலேயே இருக்கிறது. மலைமேல் நகரும் பனிப்பாறை தன் அடியில் உள்ள பாறையைத் திரிகைபோல் அரைத்து, மாவினும் மெல்லிய தூளாக்கி, உருகும் நீரோடு அனுப்புகிறது. அலாஸ்காவில் பனிப்பாறையிலிருந்து நேரே இறங்கும் ஆறுகள் இந்தத் தூளின் மிகுதியால் அரிசி களைந்த கழுநீர்போலச் சாம்பல் பூத்து ஓடுகின்றன, அவற்றில் தூண்டில் போட்டுப் பயனில்லை. கீனாய் ஆற்றுக்கு வாய்த்த நற்பேறு, அதற்கு முன்னால் ஒரு பெரிய ஏரி இருப்பதுதான். கனமான வண்டல் கீனாய் ஏரியிலேயே படிந்துவிட, மிக நுண்ணிய தூள் மட்டும் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால், ஆறு மயில்கழுத்து நிறத்தில் ஓடுகிறது. கண்ணுக்கு அழகான அந்த நிறமே மீன்பிடிப்பவருக்குத் திரையாகிறது: கரையோரக் கற்கள் தெளிவாகத் தெரிகின்றன, மூன்று நான்கு அடிக்குக் கீழே எல்லாம் ஒரே நீலப்பச்சை மங்கல். மீன் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துத் தூண்டில் போட முடியாது. நீரோட்டத்தின் மேற்பரப்பைப் பார்த்தே அடியில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

மழையை நம்பி ஓடும் ஆறுகளைப் பார்த்தே பழகியவர்களுக்கு இன்னொன்றும் புதிதாக இருக்கும். வானம் தெளிந்து வெயில் நன்றாக அடித்தால் இந்த ஆறு குறையாது, ஏறும். பனிப்பாறைகள் அதிகமாக உருகும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் நீர்வரத்து உச்சத்தில் இருக்கிறது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து முன்பதிவு செய்தோம் என்று மகிழ்வதற்கு அதனால் பெரிய காரணம் இல்லை.

ஏரியின் வாயிலிலிருந்து கடல் வரை கீனாய் ஆற்றின் நீளம் 82 மைல். அதில் முதல் 17 மைல், அதாவது ஸ்கிலாக் ஏரியில் சென்று சேரும் வரையுள்ள பகுதியே மேல் கீனாய். இங்கே பெரும்பகுதியில் மோட்டாரை இயக்க அனுமதி இல்லை. ஆண்டு முழுவதும் உயிர் இரைக்கும் தடை. ஒற்றை முள் கொண்ட செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். டிரவுட் மீன்கள் முட்டையிடும் காலமான மே 2 முதல் ஜூன் 10 வரை மீன்பிடிப்பே கிடையாது. இந்தக் கட்டுப்பாடுகளால்தான் ஆறு இன்னும் ஆறாக இருக்கிறது என்பதைப் படகில் ஏறிய பத்தாவது நிமிடத்திலேயே உணர முடிந்தது. துடுப்பு நீரில் இறங்கும் ஓசையையும், படகின் அடிப்பலகையில் வண்டல் உரசும் மெல்லிய சலசலப்பையும் தவிர வேறு சத்தமே இல்லை.

எங்கள் டிரவுட் பயணத்துக்குத் தலைக்கு 325 டாலர் கட்டணம். தூண்டிற்கோல், மார்பு வரை வரும் நீர்புகா உடை, காலணி, மதிய உணவு எல்லாம் அதில் அடக்கம். மீன்பிடி உரிமம் அடக்கமில்லை. அதை ஒவ்வொருவரும் மாநில மீன்வளத் துறையின் இணையதளத்தில் தாமே வாங்க வேண்டும். வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டினருக்கும் ஒரு நாளுக்கு 15 டாலர், மூன்று நாட்களுக்கு 30, ஏழு நாட்களுக்கு 45 டாலர். 16 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை.

காலை ஆறரை மணிக்குப் படகுத்துறையில் சந்தித்த வழிகாட்டி, கைகுலுக்கியதும் மீனைப் பற்றிப் பேசவில்லை. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது, வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்று முன்பதிவின்போது ஒரு வரி எழுதியிருந்தோம். அவர் அதை நினைவில் வைத்திருந்து, படகை ஆழமில்லாத சரிவில் இழுத்து நிறுத்தி, ஏறுவதற்குச் சிறு மரப்படி ஒன்றைப் போட்டு, முன்பக்க இருக்கையை மாமாவின் கால் நீட்டும் அளவுக்குப் பின்னே நகர்த்தி வைத்திருந்தார். உயிர்காப்பு மேலங்கியின் பட்டைகளையும், நீர்புகா உடையின் இடுப்புப் பட்டையையும் தாமே இழுத்துச் சரிபார்த்தார். அந்தப் பட்டை தளர்ந்திருக்கும்போது நீரில் விழுந்தால் உடைக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்றும், கோடையிலும் இந்தத் தண்ணீரில் சில நிமிடங்கள் கிடந்தாலே கைகால் விறைத்து நீந்தும் வலு போய்விடும் என்றும் அவர் அமைதியாக விளக்கியதும், அதுவரை பட்டையை அலட்சியமாகக் கட்டியிருந்த நானும் இறுக்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் டிரவுட் பிடிக்கப் பயன்படும் இரை ஈயோ பூச்சியோ அன்று, பாசிமணி. கடலிலிருந்து ஏறிவரும் சால்மன்கள் ஆற்றடிக் கூழாங்கற்களில் குழிபறித்து முட்டையிடும்போது, குழியில் தங்காத முட்டைகள் ஓட்டத்தில் உருண்டு வருகின்றன. அவற்றைத் தின்பதற்காக ரெயின்போ டிரவுட்டுகளும் டாலி வார்டன் மீன்களும் சால்மனின் பின்னாலேயே வரிசையாக நிற்கின்றன. அந்த முட்டையின் அளவிலும் நிறத்திலும் செய்த மணியைத் தூண்டில் நரம்பில் கோத்து, அதற்குக் கீழே சிறிய முள்ளைக் கட்டி, ஈயக்குண்டும் மிதவையும் சேர்த்து ஓட்டத்தில் விடுகிறார்கள். மணிக்கும் முள்ளுக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அல்லது மணி நரம்பில் தடையின்றி நகர வேண்டும் என்பது அலாஸ்காவின் சட்டம். இடைவெளி கூடினால் மீன் மணியைக் கவ்வும்போது முள் வாயில் ஏறாமல் கண்ணிலோ செவுளிலோ ஏறிவிடும்.

எங்கள் வழிகாட்டியின் இரைப்பெட்டி மருந்துக்கடை அலமாரிபோல் இருந்தது. ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிற மணி: இன்றே இட்ட முட்டையின் தெளிந்த செம்மஞ்சள், இரண்டு நாள் ஆன முட்டையின் மங்கிய இளஞ்சிவப்பு, உயிரற்றுப்போன முட்டையின் பால்வெள்ளை. காலையில், சால்மன்களில் மிகப் பெரிய வகையான கிங் சால்மனின் முட்டை அளவுக்குப் பத்து மில்லிமீட்டர் மணியில் தொடங்கினார். ஒரு மணி நேரம் எதுவும் தட்டவில்லை. பிறகு ஓரிடத்தில் படகை நிறுத்தி, முழங்கையை நனைத்து ஆற்றடிக் கற்களிலிருந்து ஒரே ஒரு முட்டையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார். அது மிளகைவிடச் சற்றுப் பெரியதாக, உள்ளே ஒரு சிறு எண்ணெய்த் துளி மின்ன, பாதி வெளுத்திருந்தது. அதன் பக்கத்திலேயே பெட்டியிலிருந்த மணிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, நான்காவது மணியைத் தேர்ந்து, ஈயக்குண்டிலும் பாதியைக் கழற்றிவிட்டு, "இப்போது விடுங்கள்" என்றார். அடுத்த வளைவுக்குள் மாமாவின் மிதவை இரண்டு முறை அமிழ்ந்தது.

அந்த நாளின் முழு மதிப்பும் எனக்கு இந்த ஒரு காட்சியில் அடங்கியிருந்தது. மீன் அகப்படாதபோது, ஆற்றைக் குறை சொல்லிப் பொழுதைக் கடத்தாமல், கேள்வியைத் தண்ணீரிடமே கேட்கிறவரைத்தான் நல்ல வழிகாட்டி என்பேன்.

துடுப்பு வலிப்பதும் இதே அளவுக்கு நுட்பமான வேலை என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. படகை முன்னே செலுத்துவதற்காக அவர் துடுப்பைத் தொட்டதே அரிது. ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கி வலித்து, மிதவை நகரும் வேகமும் படகு நகரும் வேகமும் ஒன்றாக இருக்கும்படி எட்டு மணி நேரம் பிடித்துவைத்தார். அப்படி இருந்தால்தான் மணி இழுபடாமல், உண்மையான முட்டை உருள்வதைப்போல் உருளும். தெளிந்த ரஷ்யன் ஆறு நீலப்பச்சைக் கீனாயில் வந்து கலக்கும் இடத்தில், இரண்டு நிறங்களுக்கும் நடுவே தையல் போட்டதுபோல் ஒரு கோடு நெடுந்தூரம் ஓடுகிறது. அந்தக் கோட்டை விட்டு ஒரு முழம்கூட விலகாமல் மிதவையை நடத்திச் சென்றபோது நான் தூண்டிலை மறந்து துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் என் தூண்டிலில் ஏறிய டிரவுட் 22 அங்குலம் இருந்தது. ஏறியதும் நேரே ஆற்றின் நடுவுக்கு ஓடி, நரம்பை எழுபது எண்பது அடி உருவிக்கொண்டு, ஒரு முறை முழு உடலும் வெளியே தெரியத் துள்ளியது. வழிகாட்டி படகை ஓட்டம் குறைந்த ஓரத்துக்குத் திருப்பிக் கைவலையில் ஏந்திய பிறகும் மீனை நீரை விட்டு உயர்த்தவில்லை. கையை நனைத்துக்கொள்ளச் சொன்னார், ஏனென்றால் உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும், பிறகு அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அதன் வாலடியையும் வயிற்றையும் பிடித்தபோது, செவுள் மூடியிலிருந்து வால் வரை ஓடிய ரோஜா நிறப் பட்டையும், முதுகில் மிளகு தூவியது போன்ற புள்ளிகளும், கண்ணுக்குக் கீழே ஆறிப்போன ஒரு பழைய முள்காயமும் தெரிந்தன. முன்பும் யாரோ பிடித்து, ஒழுங்காக விட்டதால்தான் அது என் கைக்கு வந்திருக்கிறது. ஓட்டத்தை எதிர்நோக்கி அதை நிறுத்தியதும் மூன்று நான்கு மூச்சு வாங்கிவிட்டு, என் விரல்களைத் தட்டிவிட்டு, அந்த நீல மங்கலுக்குள் மறைந்தது. மேல் கீனாயில் 16 அங்குலத்துக்குக் குறைந்த ஒரு ரெயின்போ டிரவுட்டை மட்டும் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இந்த வழிகாட்டி எந்த டிரவுட்டையும் வைத்துக்கொள்வதில்லை என்பதைப் பயணத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்திருந்தார். மீன் நழுவாமல் தடுக்கும் முள்ளின் எதிர்க்கொக்கியையும் இடுக்கியால் நசுக்கிவிட்டிருந்தார். சட்டம் கேட்காத இந்தக் கவனத்துக்காகவே அவரிடம் மறுபடியும் செல்வேன்.

அன்று இருவருமாகப் பதினொரு மீன் பிடித்தோம். ஏழு டிரவுட், நான்கு டாலி வார்டன். ஜிம்ஸ் லேண்டிங் துறையில் மாலை நான்கு மணிக்குக் கரையேறினோம். அதற்குக் கீழே ஆறு குறுகிய மலையிடுக்கில் இறங்கி வேகமெடுக்கிறது. மூப்படைந்தவர்களோடு செல்பவர்கள் இந்தத் துறையில் முடியும் பயணத்தைத் தேர்வதே நல்லது.

மறுநாள் சென்ற சால்மன் பயணத்தை நடத்தியது வேறொரு நிறுவனம். தலைக்கு 200 டாலர். ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பதைக் காலையில் துறைக்கு வந்த பிறகுதான் அறிந்தோம். அதைக் கேட்காமல் விட்டது எங்கள் பிழை, சொல்லாமல் விட்டது அவர்கள் பிழை.

சிவப்புச் சால்மன் கடலில் நுண்ணிய மிதவை உயிர்களை வடிகட்டித் தின்று வளர்வது. ஆற்றில் நுழைந்த பிறகு உணவை நாடுவதில்லை. ஆகவே இரையைக் காட்டி அதை ஏமாற்றுவது கடினம். கரையை ஒட்டிக் கூட்டமாக ஏறிவரும் மீன்களின் குறுக்கே, ஈயக்குண்டு அடிக்கற்களில் தட்டிச் செல்லும்படி குறுகிய நரம்பை வீசி வீசி இழுக்க, திறந்து மூடும் வாய்க்குள் நரம்பு நுழைந்து, முள் வாயோரத்தில் ஏறுகிறது. வாயில் ஏறினால் மீன் நம்முடையது. முதுகிலோ துடுப்பிலோ வாலிலோ ஏறினால் உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். இது வீட்டுக்கு உணவு கொண்டுபோகும் வேலை, அதில் இழுக்கு எதுவும் இல்லை. கஹ்ட்னு என்று டெனாய்னா பழங்குடியினர் அழைக்கும் இந்த ஆற்றங்கரையில் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சால்மனை உணவாக்கி வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் மீன் தானாகக் கவ்வும் என்று எண்ணி வருகிறவருக்கு இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களோடு வந்த ஒருவர் நண்பகல் வரை, தன் தூண்டிலை மீன் விரும்பிக் கடிக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

குறை இதோடு நிற்கவில்லை. எனக்கு இரண்டாவதாக அகப்பட்ட மீனுக்கு முள் முதுகுத் துடுப்பின் அடியில் ஏறியிருந்தது. அதைத் தண்ணீரிலேயே கழற்றுவதற்குப் பதிலாக வழிகாட்டி கரையின் சரளைக்கல் மேலே இழுத்துப் போட்டு, அவசரமாக முள்ளைத் திருகிப் பிடுங்கி, காலால் தள்ளி ஆற்றில் விட்டார். செதில்கள் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறு பேரின் கணக்கையும் முடித்து அடுத்த குழுவை ஏற்ற வேண்டிய அவசரம் அவருக்கு இருந்தது புரிந்தாலும், முந்தைய நாள் நனைந்த கைகளைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதைவிடக் கவலை தந்தது, உணவுப் பைகளை எங்களுக்குப் பின்னே நெடுந்தூரத்தில் ஒரு மரத்தடியில் வைக்கச் சொன்னது. ரஷ்யன் ஆறு கலக்கும் பகுதி பழுப்புக் கரடிகள் அன்றாடம் வந்துபோகும் இடம். பை எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும், மீனை அறுத்துச் சுத்தம் செய்தபின் எஞ்சும் எலும்புக்கூட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி வேகமான ஓட்டத்தில் எறிய வேண்டும் என்று வழியெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள். எளிதாக ஒருமுறை உணவு கிடைத்த கரடி மனிதரைத் தேடி வரும், முடிவில் உயிரை இழப்பதும் அதுவேதான். நாங்கள் பைகளை எடுத்து வந்து காலடியில் வைத்துக்கொண்டோம்.

மீன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. நாளொன்றுக்குத் தலைக்கு மூன்று என்ற வழக்கமான வரம்பை நாங்கள் இருவரும் பதினொரு மணிக்குள் நிறைவு செய்தோம். துண்டு போட்டுக் காற்றுநீக்கி உறையவைத்துத் தரும் வேலையை ஊரிலேயே செய்து தருகிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கடலைவிட்டு வந்து சில நாட்களே ஆன, வெள்ளி நிறம் மாறாத சால்மனின் சுவையைச் சொல்லில் அடக்க முடியாது.

கிங் சால்மனை மனத்தில் வைத்துக் கீனாய்க்குச் செல்ல நினைப்பவர்கள் மட்டும் ஒரு கணம் நிற்க வேண்டும். 1985 மே 17 அன்று லெஸ் ஆண்டர்சன் இந்த ஆற்றில் பிடித்த 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ எடையுள்ள கிங் சால்மன்தான் இன்றுவரை தூண்டிலில் பிடிபட்டவற்றில் உலகச் சாதனை. அந்தப் பெருமையே விளம்பரங்களில் இன்னும் மின்னுகிறது. ஆனால் ஆற்றுக்குத் திரும்பும் கிங் சால்மன்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோனதால், அண்மை ஆண்டுகளில் கீனாயில் அவற்றைப் பிடிப்பதை மீன்வளத் துறையே தடைசெய்து வைத்திருக்கிறது. நாங்கள் விசாரித்த ஒரு நிறுவனத்தின் முகப்பில் கிங் சால்மனைத் தூக்கிப் பிடித்த படமே இருந்தது. தொலைபேசியில் இரண்டாம் முறை வற்புறுத்திக் கேட்ட பிறகே அது இப்போது முடியாது என்றார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் அவ்வாண்டின் அவசர ஆணைகளைத் துறையின் தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். திறப்பும் மூடலும் வரம்பும் பருவத்தின் நடுவிலும் மாறக்கூடியவை.

முன்பதிவின்போது நான் இனிக் கேட்கப் போகிற கேள்விகள் இவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், முள்ளில் எதிர்க்கொக்கியை நசுக்குவீர்களா, நீர் ஏறிக் கலங்கிவிட்டால் பணம் திரும்புமா அல்லது வேறு நாள் தருவீர்களா. படகுக்கு இருவர் என்று சொல்கிறவருக்கு நூறு டாலர் கூடக் கொடுப்பது வீணாகாது. கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு தருவது அங்கே வழக்கம் என்பதால் அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்புச் சால்மன் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஜூலைப் பிற்பகுதி ஏற்றது. ஆகஸ்ட் 20க்குப் பிறகு மேல் கீனாயில் அதைப் பிடிக்க இயலாது. டிரவுட்டுக்காகச் செல்பவர்கள் செப்டம்பரைத் தேர்ந்தால், முட்டை தின்று கொழுத்த மீன்களும் குறைந்த கூட்டமும் கிடைக்கும், குளிர் மட்டும் கூடுதல். திரும்பும் வழியில் மாமா அதிகம் பேசவில்லை. ஆங்கரேஜை நெருங்கும்போது, "அந்தத் தம்பி முட்டையைக் கையில் வைத்துப் பார்த்தார் பாரு, அதை இன்னொரு தரம் பார்க்கணும்" என்றார். அடுத்த செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு அதே படகில், முன்பக்க இருக்கையை அவருக்கென்று கேட்டு முன்பணம் அனுப்பிவிட்டேன்.